துரைசாணியின் கல்யாணக் கவுன்

மலை ஊரான பிரிஞ்சாங்கிற்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலை ஆலையில் எனக்குப் பெட்டி கட்டும் வேலை. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் எங்கள் துரை, நாயைக்கூட மறக்காமல் காரில் ஏற்றினார். துரைசாணி மட்டும் இறங்கி வந்து, தன் கல்யாணக் கவுனை டோபி சவரிமுத்துவின் மனைவி ரோசம்மாவிடம் கொடுத்தார். ஒரு வாரத்தில் வந்துவிடுவாராம், பத்திரமாக வைத்திருக்க வேண்டுமாம்.

அந்த ஒரு வாரம் மூன்று வருஷத்துக்கு மேல் ஓடியது. துணி என்பதே கண்ணில் படாத காலம். ரோசம்மாவின் பிள்ளைகள் மலைக் குளிரில் சாக்கை உடுத்தியிருக்க, அத்தனை வெள்ளைப் பட்டும் சும்மா கிடந்தது. வெட்டித் தைக்கச் சொன்னேன்.

"நம்பிக் குடுத்த பொருள்ணே," என்றாள் ரோசம்மா. அதோடு பேச்சு முடிந்தது.

கணக்கெழுதும் எங்கள் கிராணிக்கு அலுவலக வேலையைவிடக் குனிவது நன்றாக வரும். வெள்ளைக்காரனுக்குக் குனிந்தவர், இப்போது ஜப்பான்காரனுக்கு இன்னும் கொஞ்சம் தாழக் குனிந்தார். வெள்ளைக்காரர் விட்டுப்போன சாமான் தேடி அவர் எங்கள் லயத்து வீடுகளுக்குச் சிப்பாய்களைக் கூட்டி வரப்போவதாகத் தெரிந்ததும், சவரிமுத்து கவுனை என்னிடம் கொண்டுவந்தான். ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்தேன். மேலே 'டஸ்ட்', அதாவது தூள் தேயிலை என்று எழுதி, அடுக்கின் அடியில் தள்ளினேன். ஈரமும் உள்ளே போகாது, பூஞ்சணமும் பிடிக்காது.

சவரிமுத்து வீட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. துரைசாணி கவுன் கொடுத்ததைப் பார்த்தேன் என்று கிராணி சாதித்தார். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் சவரிமுத்துவை அடித்தான். துரைசாணி அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொண்டார் என்பதைத் தவிர அவன் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. இடது காது கேட்காமல் போயிற்று.

சண்டை முடிந்து துரைசாணி ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பினார், நன்றாகச் சதை போட்டு. நான் பெட்டியைப் பிரித்துக் கொடுக்க, ரோசம்மா கவுனுக்கு இஸ்திரி போட்டு, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பங்களாவுக்குப் போனாள். சவரிமுத்துவும் நானும் கூடப் போனோம். துரைசாணி விரித்துப் பார்த்தார், முகர்ந்தார்.

"இது இன்னும் இருக்கா? பழைய பேஷன் ஆச்சே. தேயிலை வாசம் வேற. நீயே வச்சுக்கோ."

பக்கத்தில் பழைய குனிவோடு நின்ற கிராணி எங்களைப் பார்த்து, "தேங்க்ஸ் சொல்லுங்க லா," என்றார்.

சவரிமுத்து நல்ல காதை மனைவி பக்கம் திருப்பி, என்ன சொன்னார் என்று கேட்டான்.

"நல்லா வச்சிருந்தோமாம். நமக்கே பரிசாக் குடுத்துட்டாங்க," என்றாள் ரோசம்மா.

அவன் துரைசாணியைக் கையெடுத்துக் கும்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பிள்ளைகள் வெள்ளைப் பட்டில் கோயிலுக்கு வந்தார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மேலே இருப்பவர் எதையாவது பத்திரமாக வைக்கச் சொன்னால், எதுவரைக்கும் என்று அப்போதே கேளுங்கள். பதில் வராவிட்டால், உங்கள் பிள்ளைகளுக்கு அளவு எடுங்கள்.