உப்பு லாரியில் வந்த படகு

தூத்துக்குடியிலிருந்து வந்த உப்பு லாரி எங்கள் தெருமுனையில் நின்றபோது, மூட்டைகளின் மேல் ஒரு சின்ன வெள்ளைப் படகு கவிழ்த்துக் கட்டப்பட்டிருந்தது. டிரைவருக்குப் பக்கத்திலிருந்து என் மதினி, அண்ணன் பெண்டாட்டி, இறங்கினாள். அவளுடைய அப்பாவின் காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பியிருந்தாள். அண்ணனின் தறிக்கொட்டகையிலிருந்து ஆட்கள் வந்து படகை இறக்கினார்கள். எதிர்வீட்டுக்காரர் என் அண்ணனைப் பார்த்து, "அண்ணாச்சி, கடல் எந்த லாரியில வருது?" என்றார். தெருவே சிரித்தது. அண்ணன் விடுவிடுவென்று உள்ளே போய்விட்டான்.

எழுபதுகளின் கடைசி அது. நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். மதினியின் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஃபைபர் கிளாஸ் புதுசாகப் புழக்கத்துக்கு வந்த காலத்தில், கண்ணாடி இழைத் துணியையும் அதை இறுகவைக்கும் ரெசின் பசையையும் வாங்கித் தன் கையாலேயே அந்தப் பாய்ப்படகைச் செய்திருந்தார். ஆனால் கடலில் இறக்கிய அன்றே பாய்மரம் வலது பக்கம் சாய்ந்து நின்றது; படகு சொன்ன திசையில் போகவில்லை. அதைச் சரிசெய்வதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். துக்க வீட்டில் மதினியின் அண்ணன்மார், "அப்பாவுக்கு ஒரு மரத்த நேரா நிறுத்தத் தெரியல" என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாக வைத்துக்கொள்ள ஒருவர் அதைக் கேட்டாராம். மதினி வேறெதையும் கேட்காமல் படகோடு வந்துவிட்டாள்.

அண்ணனுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. "யாருக்காவது குடுத்துரு, இல்லன்னா ஒடச்சிருவேன்" என்றான். அவள் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. அதன்பிறகு அந்த வீட்டில் பேச்செல்லாம் என் வழியாகத்தான் நடந்தது. "ஒங்க அண்ணன சாப்பிட வரச் சொல்லு" என்பாள் மதினி. "பசிக்கலன்னு சொல்லு" என்பான் அண்ணன், அவள் காதில் விழும்படியே. அவள் ஊருக்கே திரும்பிப் போய்விடுவாளோ என்று பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதெல்லாம் படகு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டி, கரிவலம்வந்தநல்லூர் பக்கத்துக் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி படகை நிமிர்த்தி, செங்கல் வைத்து மட்டப்படுத்தி, பாய்மரத்தை நட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகை வாசலில் நின்ற அண்ணனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. தறிகளைத் தானே நிறுத்திச் சரிபார்க்கிறவன்; கோணலைக் கண்டாலே அவனுக்குக் கை பரபரக்கும். தூக்குக்குண்டை எடுத்துவந்தான். முன்முனையிலிருந்து பின்புறத்தின் நடுவரைக்கும் நூல் பிடித்தான். மரம் குறுக்குப் பலகையின் துளை வழியாக இறங்கி, படகின் தரையில் ஒட்டியிருந்த குழிக்கட்டையில் நிற்கும். துளை நூலுக்கு நேராக இருந்தது. கட்டைதான் இரண்டு விரற்கடை இடப்பக்கம் தள்ளியிருந்தது. அடி இடப்பக்கம் போனதால் உச்சி வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

ரம்பத்தோடு வந்து, "கட்டைய வெட்டி எடுக்கணும்" என்றான் அண்ணன். பல நாளுக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. அவள் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா கையால வச்சது" என்றாள். அண்ணன் ரம்பத்தைக் கீழே வைத்தான். "அப்பம் நீ சொல்லாம நான் தொடமாட்டேன்." கட்டையை ஒருமுறை தடவிவிட்டு அவளே ரம்பத்தை எடுத்தாள்.

விளிம்பை அறுத்து உளியால் நெம்பியதும் கட்டை பெயர்ந்து வந்தது. அடியில் தேன் நிறத்தில் இறுகிக் கிடந்த ரெசினை அண்ணன் ஈரத்துணியால் துடைத்தான். அதற்குள்ளே பென்சிலால் போட்ட ஒரு கூட்டல் குறி தெரிந்தது. நூலை மறுபடி பிடித்துப் பார்த்தோம். குறி மிகச் சரியாக நூலுக்குக் கீழே இருந்தது. அங்கிருந்து இடப்பக்கமாக, கட்டை நகர்ந்துபோன தடம் ரெசினில் அப்படியே உறைந்திருந்தது.

"மாமா சரியாத்தான் அளந்திருக்காவ. காயிறதுக்குள்ள கட்டை வழுக்கிட்டு. வேறொண்ணும் இல்ல" என்றான் அண்ணன். மதினி படகுக்குள்ளேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா இறந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

புதுக் கட்டையை அண்ணன் பழைய தறியின் தேக்கில் செதுக்கினான். குறியின்மேல் வைத்து, ரெசினில் நனைத்த இழைத்துணியைச் சுற்றிலும் படுக்கவைத்தாள் மதினி. இந்தமுறை வழுக்க விடக்கூடாது என்று, ஆப்பு அடித்தது போதாமல், இறுகும்வரை அண்ணன் இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி குனிந்தே இருந்தான். அவன் குடிக்க மதினி தண்ணீரை ஊற்றினாள். என்னைக் கூப்பிடவில்லை.

குளத்தில் இறக்கியபோது கரையில் பாதி ஊர் நின்றது. மதினி ஏறிச் சுக்கானைப் பிடித்ததும், நீச்சல் தெரியாத அண்ணன் ஒரு லாரி டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டு, "தனியா விடமாட்டேன்" என்று ஏறிவிட்டான். பாய் விரிந்தது. மரம் நிமிர்ந்து நின்றது. படகு அக்கரையைப் பார்த்து நேராகப் போனது. நடுக்குளத்தில் ஒரு காற்று அடித்துப் படகு சரிந்தது. மதினி எதிர்ப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து அண்ணனும் சாய்ந்தான். படகு நிமிர்ந்தது.

இப்போது நான் ஓய்வுபெற்று மதுரையில் இருக்கிறேன். எந்த வீட்டிலாவது இரண்டு பேர் பேசாமல் இருப்பதைக் கண்டால், அந்தப் படகு திரும்பி வந்த காட்சிதான் கண்முன் வரும். கரை தட்டியதும் கையைக் கொடுத்து அண்ணனை இறக்கப் போனேன். முகம் வெளிறி, வேட்டியெல்லாம் நனைந்திருந்தான். என் கையைத் தள்ளிவிட்டு மதினியின் பக்கம் திரும்பினான்.

"ஏட்டி, இன்னொரு சுத்து போவமா?"