பாசிங் வடித்துக் கொட்டிய சாறு

பாசிங் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் கறிக்குப் பஞ்சமே கிடையாது. புலக்கான் ஊர்ச் சந்தைக்குள் நுழைந்ததும் வலது பக்கம் முதல் பன்றிக்கறிக் கடை அவர்களுடையது. விற்றது போக மிஞ்சிய விலா, தலை, குடல், ரத்தம் எல்லாம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடும். காலையில் வறுத்த கறி, மதியம் எலும்புக் குழம்பு, ராத்திரி மதியத்துக் குழம்பையே சுண்டவைத்தது. காய் என்றால் குழம்பில் மிதக்கும் ரெண்டு முட்டைக்கோஸ் இலைதான். அதையும் யாரும் தின்னமாட்டார்கள். மணத்துக்காகப் போடுவது, எடுத்து வைத்துவிடுவது.

அவள் வடக்கே இலோகோஸ் பக்கத்துக்காரி. பசென்சியா என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தையல் ஆலை வேலைக்கு வந்த இடத்தில் கறிக்கடை கௌதென்சியோவைப் பார்த்தாள். அவனையும் முழுப் பெயரில் யாரும் அழைத்ததில்லை, தென்சியோதான். கத்தியைத் தீட்டிக்கொண்டே வருகிற பெண்களையெல்லாம் சிரிக்க வைப்பான். அவளையும் சிரிக்க வைத்தான். அப்படித்தான் கல்யாணம் ஆனது.

வந்த புதிதில் ஒரு நாள் தன் ஊர்ச் சமையலைச் செய்து காட்ட ஆசைப்பட்டாள். கத்தரி, வெண்டை, காராமணி, பரங்கி, கட்டைவிரல் பருமனில் குட்டைப் பாகல், தக்காளி எல்லாவற்றையும் ஒரே பானையில் அடுக்கி, மீனைப் புளிக்கவைத்த பகோங்கை ஊற்றி, மூடிப் போட்டு அடக்கமான தீயில் வைத்தாள். பினாக்பெட் என்கிற இந்தச் சமையலில் கரண்டி போடக்கூடாது. கிளறினால் பாகலின் கசப்பு மற்றதில் ஏறிவிடும். பானையின் ரெண்டு காதையும் துணியால் பிடித்துக் குலுக்கித்தான் விடவேண்டும். மேலே வாசத்துக்குக் கொஞ்சம் பொரித்த பன்றித் தோல்.

தென்சியோ அந்தத் தோலை மட்டும் பொறுக்கித் தின்றான். மாமியார் பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள், "உங்க ஊர்ல ஆடு மாடெல்லாம் பட்டினியாவா கிடக்கும்? அதுங்களோடதை நீங்களே தின்னுடறீங்களே."

எல்லாரும் சிரித்தார்கள். பாசிங்கும் சிரித்தாள். வேறு என்ன செய்வது.

அதற்காக அவள் விட்டுவிடவில்லை. முருங்கைக்கீரையை அரைத்துக் கறி உருண்டையில் கலந்து பார்த்தாள். உருண்டை பச்சையாக இருக்கிறதே, கெட்டுப்போன கறியா என்று கேட்டுத் தென்சியோ குப்பையில் கொட்டினான். சுரைக்காயைப் பொடியாக நறுக்கி அரிசியோடு வேகவைத்தாள். ஒரு வாய் வைத்ததும் எழுந்து போய்த் தெருமுனையில் சுட்ட கறி வாங்கித் தின்று வந்தான். கோபமெல்லாம் கிடையாது, அதைச் சிரித்துக்கொண்டேதான் செய்வான். "கறி வெட்டுறவன் நான். புல்லு தின்னா கத்தி என்னை மதிக்குமா?" என்பான். மகள் ரோவெனா பிறந்து, வளர்ந்து, அப்பன் மாதிரியே ஆனாள். காய் சமைத்த நாளில் அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

அவனுக்கு ஐம்பது தாண்டியபோது கால் கட்டைவிரலில் ஒரு எலும்புச் சில்லு குத்தியது. கடையில் அடிக்கடி நடப்பதுதான். ஆனால் இந்தத் தடவை புண் ஆறவில்லை, கறுத்தது, நாற ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்றார்கள். பல வருஷமாகவே இருந்திருக்கும், ரத்தக் கொதிப்பும் சேர்ந்தே இருந்திருக்கும் என்றார்கள். விரலை எடுத்துவிட்டார்கள். டாக்டர் அவனை வைத்துக்கொண்டே பாசிங்கிடம் கறியைக் குறைத்துக் காயைக் கூட்டும்படி சொன்னபோது அவள் தலையை ஆட்டினாள். இத்தனை வருஷமாக அவள் சொன்னதும் அதுதான். ஆனாலும் சொல்லிக்காட்டத் தோன்றவில்லை. கட்டுப்போட்ட காலைப் பார்த்தபடி அவன் சின்னதாகிப்போய் உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்த அன்று மேஜையில் உட்கார்ந்து சொன்னான், "இன்னியிலேருந்து நீ போடறதைத் தின்னறேன். ஆனா ஒண்ணு. நான் தின்னும்போது யாரும் என் மூஞ்சியப் பார்க்கக்கூடாது."

அவள் திரும்பி நின்று பாத்திரம் கழுவினாள். முதுகுக்குப் பின்னால் மாத்திரை விழுங்குகிறவன் மாதிரி அவன் தண்ணீரோடு விழுங்கும் சத்தம் கேட்டது.

முதலில் வசப்பட்டது கத்தரிக்காய். கரியில் தோல் தீயச் சுட்டு, உரித்து, நசுக்கி, முட்டையில் தோய்த்துப் பொரித்துக் கொடுத்தாள். முட்டையை நினைத்துத் தின்றான். அப்புறம் வெண்டைக்காய், அப்புறம் புளிச்சாற்றில் வள்ளைக்கீரை. பாகலை மட்டும் பார்த்தால் மூக்கைச் சுளிப்பான். ஒரு மழைக்காலத்தில், புயலில் கரண்டு போய்ச் சந்தையும் மூடிக் கிடந்தபோது, வீட்டில் பாகலும் முட்டையும்தான் இருந்தன. வதக்கிப் போட்டாள். ஜன்னலைப் பார்த்துக் கூரைத் தகடு தாங்குமா என்று பேசிக்கொண்டே தின்றவன், பேச்சு வாக்கில் கையை நீட்டி இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கொண்டான். பாசிங் பார்த்தாள். சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயம்.

அதற்குப் பிறகு வந்த சில வருஷங்களைத்தான் அவள் தன் வாழ்க்கை என்று சொல்லுவாள். தென்சியோவுக்குக் காய் மேல் பைத்தியமே பிடித்தது. புது ஆலயத்தில் சேர்ந்தவன் மாதிரி கண்டவரிடமெல்லாம் பிரசங்கம் செய்தான். கடைக்கு எலும்பு வாங்க வருகிறவளை நிறுத்தி, "வெறும் எலும்பை வெச்சு என்ன பண்ணுவே தங்கச்சி? எதிர்க் கடையில அரைப் பரங்கி வாங்கிட்டுப் போ" என்பான். கறிக்கடைக்காரன் காய்க்கடைக்குக் கூலி வாங்காமல் வேலை பார்க்கிறான் என்று சந்தையே கேலி பேசியது. வீட்டுக்குப் பின்னால் மூங்கில் நட்டுப் பந்தல் போட்டான். அவள் தம்பி ஊரிலிருந்து அனுப்பிய விதையில் குட்டைப் பாகல் படர்ந்தது. பானையைக் குலுக்கும் வேலையை அவளிடமிருந்து அவனே பிடுங்கிக்கொண்டான். கத்தி பிடித்த முரட்டுக் கையால் அவ்வளவு பதமாகக் குலுக்குவான். வெந்ததும் முதல் பாகலை எடுத்து அவள் வாயில் வைத்து, கசப்பு பாகலைத் தாண்டவில்லையே என்று கேட்பான்.

பிறகு அவன் முகம் வீங்க ஆரம்பித்தது. காலையில் கண் இமை, சாயங்காலம் கணுக்கால். சிறுநீரகம் ரெண்டும் போய்விட்டன. இத்தனை வருஷச் சர்க்கரையும் கொதிப்பும் செய்த வேலை, காய் தின்ன ஆரம்பித்தது ரொம்பத் தாமதம் என்றார்கள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ்.

உணவு பற்றிச் சொல்ல ஒரு சின்னப் பெண் வந்தாள். கண்ணாடி போட்டவள், நல்ல பொறுமைசாலி. காயிலும் கீரையிலும் பொட்டாசியம் என்று ஒரு உப்பு இருக்கிறது, நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும், இவருக்குத் தள்ளாது, சேர்ந்தால் நெஞ்சு துடிப்பதை நிறுத்திவிடும் என்று விளக்கினாள். முருங்கைக்கீரை கூடாது. பரங்கி, தக்காளி கூடாது. உப்பில் ஊறிய பகோங் வாசமே கூடாது. எந்தக் காயானாலும் பொடியாக நறுக்கி ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

பாசிங் கேட்டாள், "சத்தெல்லாம் அந்தத் தண்ணியிலதானே போயிடும்மா?"

"அதுக்காகத்தாங்க கொட்டச் சொல்றது."

தென்சியோ அப்போது சிரித்தான். வீடு வந்து சேரும்வரை நினைத்து நினைத்துச் சிரித்தான். ஜீப்னி வண்டியில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று முதல் பாசிங் நறுக்கினாள், ஊறவைத்தாள், வேகவைத்தாள், வடித்தாள். சாக்கடை வாயில் பச்சைத் தண்ணீர் ஆவியோடு இறங்கும்போது காராமணி மணமும் பாகல் மணமும் முகத்தில் அடிக்கும். தட்டில் மிஞ்சுவது மணமோ நிறமோ இல்லாத சக்கை. அவன் மென்று பார்த்து, துணியைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்பான். பூண்டு வதக்கிப் போட்டாள், வினிகர் தெளித்தாள். துணி பூண்டுத் துணியானது.

"தின்னு தின்னுன்னு இத்தனை வருஷம் அழுதே" என்றான் ஒரு நாள். "இப்ப தின்னறேங்கறேன், அதுக்கும் அழறே."

அவள் அழுதுகொண்டிருந்ததே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது வாசலிலேயே மணம் வந்தது. அவன் பந்தலில் பாகல் பறித்து, பக்கத்து வீட்டில் பரங்கியும் தக்காளியும் கேட்டு வாங்கி, பகோங் ஊற்றிச் சமைத்து, பானையை ஒட்ட வழித்துத் தின்றுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தான். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. திட்ட வாயெடுத்தவளுக்குத் திட்ட வரவில்லை. நன்றாக வந்ததா என்றுதான் கேட்டாள். நன்றாக வந்தது என்றான்.

பொழுது சாய்வதற்குள் அவனால் காலைத் தூக்க முடியவில்லை. நாக்கு குழறியது. ரோவெனாவும் அவள் புருஷனும் ஓடிவந்து டிரைசிக்கிளில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசிகள், கம்பிகள், அவசர டயாலிசிஸ். பிழைத்துக்கொண்டான். வெளியே நடையில் வைத்து ரோவெனா கேட்டாள், "நீதானேம்மா அவருக்கு இதைப் பழக்கினே? கறியத் தின்னுக்கிட்டு சும்மா இருந்த மனுஷன்."

பதில் பாசிங்கிடம் இருந்தது. அந்தக் கறி இன்னும் சீக்கிரம் கொண்டுபோயிருக்கும், டாக்டரே சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். மகளின் முகத்தைப் பார்த்தாள். ராத்திரி வேலை முடித்து, தூங்காமல் ஓடிவந்த முகம். "ஆமா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் வீட்டுக்கு வந்து அரிவாளை எடுத்துப் பந்தலை அறுத்தாள். கொடி தழையத் தழைய விழுந்தது. ரெண்டு நாள் கழித்து அவன் வந்து பின்கதவில் நின்று வெறும் மூங்கிலைப் பார்த்தான். சண்டை போடுவான் என்று காத்திருந்தாள். போட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். விதைக்கு ஒன்றாவது விட்டிருக்கலாமே என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

டயாலிசிஸ் நடக்கும் இடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மெஷின் ஓட ஆரம்பித்த முதல் மணி நேரத்தில் நோயாளிகள் ஆசைப்பட்டதைக் கொஞ்சம் தின்பார்கள். ரத்தம் எப்படியும் சுத்தமாகிக்கொண்டிருக்கிறதே என்று ஒரு நம்பிக்கை. ஒருத்தி மாம்பழக் கீற்று தின்பாள், ஒருவர் வாழைப்பழம். பாசிங் நர்ஸிடம் கெஞ்சிக் கேட்டாள். நாலு வாய் என்றால் சரி என்றாள் நர்ஸ். அடுத்த முறையே சின்ன டப்பாவில் அசல் பினாக்பெட் கொண்டுபோனாள். ஒரு கையில் குழாய் ஓட, மறு கையால் அவன் பாகல் துண்டை எடுத்து நாக்கில் வைத்து, மெல்லாமல் வெகுநேரம் வைத்திருந்தான். அந்த வாரங்களில் தன் வீட்டில் நடமாடுவது போலவே அவள் அங்கே நடமாடினாள். சமையலறைதான் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அதுவும் நிலைக்கவில்லை. ஒரு நாள் தின்று முடித்த கொஞ்ச நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்து, கண் மேலே சொருகி, தின்றதெல்லாம் மார்பில் கொட்டியது. மெஷின் ஓடும்போது வயிற்றில் எதுவும் இருக்கக்கூடாது என்று அவனுக்குத் தடை போட்டுவிட்டார்கள். நர்ஸ் அவளைத் திட்டவில்லை. தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். பாசிங் ஈரத்துணியால் அவன் மார்பைத் துடைத்தாள்.

அன்று மதியம் வீட்டில் அவன் சொன்னான், "நாளைக்கு நல்லதா ஒரு பானை வெய்யி."

"யாருக்கு? உனக்கு ஆகாது, தென்சியோ."

"உனக்குத்தான். நான் தின்னற சக்கையவே நீயும் தின்னுக்கிட்டு இருக்கே, பார்க்க சகிக்கல. நீ தின்னு. நான் பார்க்கறேன்."

முடியாது என்றாள். அவன் விடவில்லை. மறுநாள் சந்தையில் வாங்கி, அடுக்கி, குலுக்கிச் சமைத்தாள். எதிரே அவன் வடித்த சக்கைத் தட்டோடு உட்கார்ந்தான். அவள் ஒரு வாய் வைத்தாள்.

"வெந்திருக்கா?"

"வெந்திருக்கு."

"பகோங் தூக்கலா?"

"இல்ல. சரியா இருக்கு."

"கசக்குதா?"

"கசக்குது."

"நல்லாத் தின்னு" என்றான். தன் தட்டிலிருந்ததை எடுத்து அவனும் மென்றான். அவன் கண் அவள் தட்டிலேயே இருந்ததால் கடைசிவரை தின்றாள்.

தினமும் மதியம் இப்படியே நடந்தது. அடுத்த மழைக்காலம் தொடங்கும்போது, டயாலிசிஸுக்குக் கிளம்பிய ஒரு காலையில், ஒரு காலில் செருப்பை மாட்டியவன் மறு செருப்பை மாட்டாமலே சாய்ந்துவிட்டான். நெஞ்சு நின்றுவிட்டது. காரணம் எதுவாகவும் இருக்கலாம் என்றார்கள். முந்தின நாள் காயைச் சரியாக வடித்தோமா என்று பாசிங் திரும்பத் திரும்ப யோசித்தாள். வடித்ததாகத்தான் ஞாபகம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டியதுதான் சரியாக ஞாபகத்துக்கு வரவில்லை. யாரிடம் கேட்பது?

ஒன்பதாம் நாள் ஜெபத்துக்குச் சந்தைக் கறிக்கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து முழுப் பன்றி ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்தார்கள். தென்சியோவுக்கு மரியாதை அது. வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. வந்தவர்கள் வயிறார உண்டு அவனுடைய பழைய வேடிக்கைப் பேச்சுகளைச் சொல்லிச் சிரித்தார்கள். ரோவெனா ஒரு தட்டில் சோறும் கறியும் போட்டு வந்து அம்மாவின் கையில் கொடுத்தாள், ஏதாவது தின்னு என்று கெஞ்சினாள். பாசிங் ஒரு வாயும் வைக்காமல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று மகளிடம் சொன்னாள்.