ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுத் திட்டம்

கல்லூரி ஆபீஸில் நான் டைப்பிஸ்டாக இருந்தபோது, வெளிநாட்டு மாணவர்களின் நலனுக்கென்று பல்கலைக்கழகம் ஒரு தொகை ஒதுக்கியது. உருப்படியான யோசனை சொல்கிற கல்லூரிக்குக் கொடுப்பார்களாம். அறுபதுகளின் நடுவில் பம்பாயில் அரிசியையே ரேஷனில் அளந்துதான் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் பணம் வருகிறது என்றதும் எங்கள் ஆபீஸ் சுறுசுறுப்பாகிவிட்டது. இத்தனைக்கும் எங்களிடம் இருந்த வெளிநாட்டு மாணவன் ஒரே ஒருத்தன். கென்யாவிலிருந்து வந்தவன், கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம்.

அவனோடு வந்த இன்னொருவன் முதல் வருஷமே ஊருக்குத் திரும்பிவிட்டான். இவனும் அந்த முடிவுக்கு வந்திருந்தான். நம்மவர்கள் நிறைந்த மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இவன் அறை கேட்டு ஏறாத படி இல்லை. கதவைத் திறந்து முகத்தைப் பார்த்ததுமே இடம் நிரம்பிவிட்டது என்பார்கள். கடைசியில் ஸ்டேஷன் பக்கத்தில், மூட்டைப்பூச்சி லாட்ஜ் ஒன்றில் ஒண்டிக்கொண்டிருந்தான். படிப்பை முடித்தால் ஊரில் வாத்தியார் வேலை. முடிக்காமல் போனால், அவனே சொன்னதுபோல, அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது. அப்படியும் டி.சி. கேட்டு வந்தான் என்றால் எவ்வளவு நொந்திருக்க வேண்டும்! பிரின்சிபால்தான், "கொஞ்சம் பொறு, உனக்காக ஒன்று செய்யப்போகிறோம்" என்று நிறுத்திவைத்திருந்தார்.

அந்த ஒன்று என்ன என்று ஹெட் கிளார்க் என்னிடம் சொன்னார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். டீ பார்ட்டி, மாலை, குரூப் போட்டோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாலையைப் போட்டு ஒரு சமோசாவைக் கொடுத்தா அவன் இருந்துடுவானா சார்?"

"பின்னே என்ன பண்ணலாங்கறே?"

"ஞாயித்துக்கெழமை ஒவ்வொருத்தர் ஆத்துல கூப்பிட்டுச் சாப்பாடு போடலாம். செலவை அந்தப் பணத்துலேர்ந்து கொடுங்கோ. நாலு வீட்டு மனுஷாளோட பழகினா அவனுக்கும் இந்த ஊர் ஒட்டும்."

"அப்போ உங்காத்துலேயே ஆரம்பிம்மா" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று அவருக்கு நினைப்பு. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அம்மா முதலில் முகத்தைச் சுளித்தாள். அப்புறம், தாயை விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்த பிள்ளை என்று அவளாகவே இளகிவிட்டாள். ரேஷன் அரிசியை அந்த வாரம் முழுக்கத் தொடாமல், எங்களுக்குச் சப்பாத்தியைப் போட்டே ஓட்டினாள். மார்க்கெட்டில் நல்ல தலைவாழை இலையாகப் பார்த்து வாங்கிவந்தாள்.

அவன் இஸ்திரி போட்ட சட்டையில், மழையில் நனைந்த குடையோடு வந்தான். குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு உள்ளே வந்தவனை, அப்பா எப்போதும் உட்காரும் இடத்தில் மணை போட்டு அம்மா உட்காரவைத்தாள். விருந்தாளி வந்தால் அப்பாவும் பக்கத்தில் உட்காருவது வழக்கம். அன்றைக்கு அவர், "விருந்தாளி முதல்ல ஆகட்டும்" என்று சாய்வு நாற்காலியிலேயே இருந்துகொண்டு, கென்யாவில் ரயில் எப்படி என்று இங்கிலீஷில் விசாரித்தார். நானும் அம்மாவும் நின்று பரிமாறினோம். அத்தனை பெரிய கூடத்தில் அவன் மட்டும் தனியாகச் சாப்பிட்டான்.

"நீங்கள் சாப்பிடவில்லையா?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டான்.

"அப்புறம், அப்புறம்" என்றார் அப்பா.

காய்கறிக்காரனிடம் பேசிப் பழகிய ஹிந்தியில் அம்மா, "அவுர் லோ, அவுர் லோ" என்று கரண்டியோடு நின்றாள். அவனும் பம்பாய் கற்றுக்கொடுத்த ஹிந்தியில் "பஸ், பஸ்", போதும் என்று, கையால் இலையை மறைத்தான். பாயசத்துக்குச் சிரித்தேவிட்டான். "பிள்ளையாண்டான் நன்னா சாப்பிடறான்டி" என்றாள் அம்மா. இவன் இனிப் போகமாட்டான் என்று நான் நம்பினேன்.

மழை விட்டிருந்ததால், கிளம்பியவன் குடையை மறந்துவிட்டான். படியிறங்கிப் பாதியில் நினைவு வந்து திரும்பியிருக்கிறான். அதற்குள் அம்மா இலையை எடுத்துவிட்டு, மண்டியிட்டு, அவன் உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். எச்சில் இடுவது என்போம். யார் சாப்பிட்டு எழுந்தாலும், அப்பாவே எழுந்தாலும், எங்கள் வீட்டில் அப்படித்தான். அதை அவன் எப்படி அறிவான்? வாசலில் நின்று பார்த்தான். குடையை எடுத்துக்கொண்டு, "தாங்க்யூ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினான்.

நான் பின்னாலேயே ஓடினேன். "தப்பாக நினைக்காதே. எல்லாருக்கும் இப்படித்தான் துடைப்போம். இது எங்கள் வழக்கம்" என்றேன்.

"இருக்கலாம்" என்றான் அவன். "அறை இல்லை என்றவர்களும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். எங்கள் வழக்கம்." இரண்டு படி இறங்கி நின்றான். "உன் மாமா வந்தால் உன் அப்பா எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கிப் போனான்.

மேலே வந்தபோது அப்பாவுக்கு இலை போட்டிருந்தது. அவருடைய இடத்தில் அல்ல, அவர் சொன்னபடி சமையலறை வாசலை ஒட்டி. துடைத்த தரை காய்ந்து பளிச்சென்று இருந்தது, அதில் யாரும் உட்காரவில்லை. அவன் கண்ணில் பட்டது ஒரு பாவமும் அறியாத காரியம். படாதது இதுதான். அப்பாவின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் அவர் போய்ச் சேர்ந்த பிறகும் முழுதாக அடங்கவில்லை.

அந்த வாரமே அவனுடைய டி.சி.யை நான்தான் டைப் அடித்தேன். வாங்கிக்கொண்டவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பல்கலைக்கழகப் பணம் பின்னால் வந்து சேர்ந்தது. ஒரு அறைக்கு 'வெளிநாட்டு மாணவர் ஓய்வறை' என்று பலகை மாட்டி, பெஞ்சும் ஃபேனும் போட்டார்கள். மத்தியானத்தில் ஹெட் கிளார்க் அதில் தூங்கினார்.

அவன் வந்துபோனதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வந்தால், கூடத்தில் மணை போட்டிருந்தது. அம்மா அந்த வாரமும் அரிசியைத் தொடாமல் வைத்திருந்திருக்கிறாள்.

"மணியாறதே, எங்கேடி அந்தப் பிள்ளையைக் காணோம்?"

"அவன் ஊருக்கே போயிட்டாம்மா."

அம்மா மணையை எடுத்துச் சுவரோரம் சாய்த்தாள். அப்புறம், "ஏண்டி, நம்மாத்துச் சாப்பாடு அவனுக்குப் பிடிக்கலையோ?" என்றாள்.