மியூட்டில் போன சங்கு

1. வாசலில் நிற்கும் வேலை

வக்கீல் குமாஸ்தா ஆக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. எட்டாவதோடு படிப்பு நின்றது. காசிமேட்டில் ஐஸ் உடைத்தேன். கன்டெய்னர் லாரியில் கிளீனராக விசாகப்பட்டினம் வரை போனேன். எண்ணூரில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக நின்றேன். எங்கும் கால் தரிக்கவில்லை. திருவொற்றியூரில் கலைச்செல்வி மேடம் ஆபீசில் மட்டும் தங்கிவிட்டேன். கோர்ட் வேலையில் நாள் முழுக்க நடக்கலாம் என்பது ஒரு காரணம்.

முதல் நாளே மேடம் சொல்லிவிட்டார்: "ஏழுமலை, ஹால் வாசல்ல நில்லு. நம்ம கேஸ் நம்பர் வரப்போகுதுன்னா ஓடி வந்து என்னைக் கூப்பிடு."

கூப்பிட்டேன். மேடம் எழுந்து, "யுவர் ஆனர், என் கட்சிக்காரர்..." என்றார். அவ்வளவுதான். எதிர்த்தரப்பு சீனியர் எழுந்துவிட்டார். ஹார்பரில் ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதுமே, அந்தக் குரல். கோர்ட்டில் அவருக்குச் 'சங்கு சார்' என்றுதான் பேர். அவர் ஓய்வதற்குள் வாய்தா போட்டுவிடுவார்கள். நான் பார்த்தவரை சங்கு சார் எதிரே நின்றால் மேடத்தின் வாக்கியம் 'என் கட்சிக்காரர்' என்பதைத் தாண்டியதில்லை.

2. சமையலறை கோர்ட்

கொரோனா வந்து கோர்ட்டைப் பூட்டினார்கள். அவசர வழக்குகள் மட்டும் வீடியோவில் நடந்தன. அப்போது எர்ணாவூரிலிருந்து ஷகிலா அக்கா வந்தார். கணவர் இறந்துவிட்டார், இரண்டு பெண் பிள்ளைகள். கணவரின் அண்ணன், வீடு தன்னுடையது, வெள்ளிக்கிழமை வந்து வெளியே தள்ளிப் பூட்டுவேன் என்று சொல்லியிருந்தார்.

"ரோட்ல நின்னா போலீஸ்காரு தொரத்துறாரு. வூட்ல இருந்தா மச்சான் தொரத்துறாரு. நான் எங்கதான் நிக்கிறது வக்கீலம்மா?"

வியாழக்கிழமையே விசாரணை கிடைத்தது. அன்றைக்கு ஸ்டே கிடைக்காவிட்டால் மூன்று பேரும் தெருவில். எதிர்த்தரப்பில் யார் என்று பார்த்தேன். சங்கு சார்.

மேடம் வீடு விம்கோ நகரில். ஹாலில் பிள்ளைகளுக்கு ஆன்லைன் கிளாஸ். உள்ளே மேடத்தின் வீட்டுக்காரர், நைட் ஷிப்ட் முடித்த சார், தூக்கம். போனில் சிக்னல் எடுப்பது சமையலறையில் மட்டும். கோர்ட்டை அங்கே வைத்தோம்.

"ஜட்ஜ் ஐயா என் மொளகாத்தூள் டப்பாவையா பாக்கணும்?" என்று மேடம் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடுத்தார். சார் தூங்குவதால் ஆணி அடிக்க முடியாது. நானே ஸ்டூலில் ஏறி, மேடத்துக்குப் பின்னால் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐஸ் பார் தூக்கும்போதுகூடத் தோள் அப்படி வலித்ததில்லை.

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே மீன்காரம்மா குரல் கொடுத்தது.

"ஷ்ஷ்! கோர்ட்டு நடந்துகினு கீது!"

"கிச்சன்லயா? ரசத்துக்கு ஜாமீன் எடுக்கிறியா நைனா?"

அது நகர்ந்த பிறகு எங்கள் நம்பர் வந்தது. மேடம், "யுவர் ஆனர், என் கட்சிக்காரர்..." என்றார். பக்கத்து வீட்டில் யாரோ மிளகாய் தாளித்தார்கள். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. நான் போட்ட தும்மலில் வேட்டி நழுவியது. ஸ்கிரீனில் இருந்த எல்லோரும் அவசரமாக மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டார்கள்.

"யாருங்க அது?" என்றார் ஜட்ஜ்.

"என் குமாஸ்தா, யுவர் ஆனர்."

"ஏன் ஸ்டூல் மேல நிக்கிறார்?"

மேடம் பதில் சொல்வதற்குள் சங்கு ஊதிவிட்டது. "இதுதான் கோர்ட்டுக்குக் குடுக்கற மரியாதையா!" போன் அதிர்ந்தது. உள்ளேயிருந்து சார், "சிலிண்டர் வெடிச்சிடுச்சா?" என்று ஓடி வந்தார். பெஞ்ச் கிளார்க் தாங்க முடியாமல் சங்கு சாரை மியூட்டில் போட்டுவிட்டார்.

ஸ்கிரீனில் அவர் கை வீசுகிறார், வாய் அசைகிறது, சத்தம் இல்லை. எந்தப் பொத்தானை அமுக்குவது என்று சொல்ல ஜூனியரும் பக்கத்தில் இல்லை.

ஆனால் மேடமும் பேசவில்லை. அவர் ஓயட்டும் என்று பழக்க தோஷத்தில் காத்திருந்தார்.

"பேசுங்க மேடம்," என்று ஸ்டூலிலிருந்து முணுமுணுத்தேன். "அவுரு சத்தம் வெளிய வர்ல."

மேடம் பேசினார். ஷகிலா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில்தான் இருக்கிறார், வீடு யாருடையது என்பதை வழக்கு முடிவு செய்யட்டும், அதுவரை ஒரு விதவையையும் பிள்ளைகளையும் கையைப் பிடித்து வெளியே தள்ள யாருக்கும் உரிமையில்லை என்றார். நிதானமாக, முற்றுப்புள்ளி வரை. ஸ்டே கிடைத்தது. வெள்ளிக்கிழமை யாரும் பூட்டோடு வரவில்லை.

3. பொத்தானைத் தேடிய கை

கோர்ட் மறுபடி திறந்தது. ஸ்டே நீடிக்குமா, போகுமா என்ற விசாரணை நேரிலேயே வந்தது. ஷகிலா அக்கா பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். வாசல் வேலையை விட்டுவிட்டு நானும் உள்ளே வந்து நின்றேன்.

"யுவர் ஆனர், என் கட்சிக்காரர்..."

சங்கு சார் எழுந்தார். இத்தனை மாத மூச்சும் சேர்ந்து வந்தது. ஷகிலா அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

ஃபைலிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே ஜட்ஜ், "சார், மியூட்ல இருங்க. மேடம் முடிக்கட்டும்," என்றார்.

சொன்ன பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். சிரிப்பை அடக்கிக்கொண்டார். சங்கு சார் வாயை மூடிவிட்டார். அவருடைய வலது கை மட்டும் மேஜை மேல் பொத்தானைத் தேடியது. மேடம் பேசி முடித்தார். வழக்கு முடியும்வரை ஸ்டே நீடிக்கும் என்று உத்தரவானது.

வெளியே வந்ததும் ஷகிலா அக்கா கேட்டார்: "நைனா, வக்கீலம்மா இவ்ளோ பேசுவாங்களா?"

"முன்னயே பேசுவாங்க அக்கா. யாரும் வுட்டதில்ல."

குமாஸ்தா வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நம்பரைக் கேட்டு ஓடி வந்து கூப்பிடுவது பாதி வேலைதான். உங்கள் வக்கீல் வாக்கியத்தை முடித்தாரா என்று நின்று பாருங்கள். முடிக்காமல் தயங்கினால், ஸ்டூலில் நின்றாவது "பேசுங்க மேடம்" என்று சொல்லுங்கள். ஏறுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.