எச்சில் கல்

இந்தியப் பெருங்கடலின் இந்த மேற்குக் கரையில், பேய்க்குப் பயப்படாமல் பிறந்த ஒரே மனிதன் நான். இது தற்பெருமை இல்லை, தகவல். எங்கள் ம்டாட்டா கல்லூரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எல்லோரிடமும் நானே சொல்லி வைத்திருக்கிறேன்.

இதையும் சொல்கிறேன். நடந்தது நடந்தபடி.

போன செப்டம்பர் விடுமுறையில் நானும் வகுப்புத் தோழன் ல்வாண்டிலேயும் போர்ட் செயின்ட் ஜான்ஸிலிருந்து காஃபி பே வரை கரையோரமாகவே நடந்து போவது என்று கிளம்பினோம். அவசரமே கிடையாது. பசித்தால் பாறையில் மட்டி பிடுங்கி வேகவைப்பது, சலித்தால் கூடாரம் போட்டுப் படுப்பது. இரண்டாம் நாள் காலையில் கடல் வற்றியிருந்த நேரம் பார்த்து ஓர் ஆற்றைக் கடந்தோம். முழங்கால் தண்ணீர்தான். கடல் ஏறிவிட்டால் அதே இடத்தில் ஆள் மூழ்கும். ல்வாண்டிலேவுக்கு நீந்தத் தெரியாது. ல்வாண்டிலே என்றால் எங்கள் மொழியில் ஏறக்குறைய கடல். அது பெயரோடு சரி.

கடந்ததும் ஆற்றை ஒட்டி ஒரு மேடு. அதன்மேல் இசிவிவானே. வழிப்போக்கர்கள் போட்டுப் போட்டு இடுப்புயரம் வளர்ந்த கல்குவியல். ல்வாண்டிலே ஒரு கல்லைப் பொறுக்கினான். அதில் துப்பினான். "பத்திரமா வீடு சேரணும்" என்று முணுமுணுத்துக் குவியலில் வைத்தான்.

இந்த வழக்கத்தைப் பற்றி நான் கல்லூரிச் சுவரிதழில் 'எச்சில் இன்ஷூரன்ஸ்' என்று ஏற்கெனவே கட்டுரை எழுதியிருந்தேன்.

"நீயும் ஒண்ணு வைடா."

"என் எச்சிலுக்கு வேற வேலை இருக்கு."

மேட்டுக்குக் கீழே மணலில் கூடாரம் போட்டோம். நல்ல காற்று. முளைக்குச்சி மணலில் நிற்கவே இல்லை. அவன் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் மேலே ஏறி, குவியலிலிருந்து நான்கு கற்களை உருவிக்கொண்டு வந்து மூலைக்கு ஒன்றாகப் பாரம் வைத்தேன். சாப்பிடும்போது ஒரு கல்லின் மேல் டின் மீனின் தக்காளிக் குழம்பைச் சிந்திவிட்டேன். அப்போதுதான் அவன் பார்த்தான்.

"கல்லு ஏதுடா?"

"மேல கிடந்துச்சு. யாரும் ரசீது கேக்கல."

அவன் களி உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டான். "ராடெபே..." என்றான். அது என் குலப்பெயர். அப்படிக் கூப்பிட்டால் மரியாதை. அவன் மரியாதை கொடுத்தால் விஷயம் பெரிது. "ஒவ்வொண்ணும் ஒருத்தன் ஊர் போய்ச் சேர்றதுக்கு வச்சதுடா. நீ உருவிட்டு வந்திருக்க."

"இந்நேரம் சேந்திருப்பான். பஸ் கிடைச்சிருக்கும்."

அன்றிரவு விழிப்பு வந்தது.

டொக்.

தூ...

டொக்.

யாரோ ஒரு கல்லை எடுத்து, துப்பி, திரும்ப வைக்கும் சத்தம். முதலில் தலைமாட்டு மூலை. பிறகு அடுத்தது. பக்கத்தில் கையால் துழாவினேன். ல்வாண்டிலேயின் படுக்கை காலி. அப்பாடா, இவன் வேலைதான். சிரித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

காலையில் நான்கு கற்களின் தலையும் ஈரம். சுற்றி மணல் காய்ந்து கிடந்தது.

"ராத்திரி நல்ல நடிப்பு."

"என்ன நடிப்பு? வயிறு கலக்கிப் பாறைக்கு அந்தாண்ட ஓடினேன். உன் மட்டி!"

துண்டால் துடைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். மறுபடி ஈரம். முகர்ந்தால் புகையிலை வாடை. ல்வாண்டிலே புகையிலை தொடமாட்டான். எனக்காகவே எங்கோ வாங்கி மென்றிருக்கிறான் கெட்டிக்காரன், என்று நினைத்தேன். பிற்பகலில் அவன் மட்டி பிடுங்கப் போனதும் அவன் பையைத் துழாவினேன். சோப்பு, ஜட்டி, அவன் அம்மா கொடுத்த பொரிச்ச ரொட்டி. புகையிலை இல்லை.

நிமிர்ந்தால் அவன் நிற்கிறான்.

"என் பையில கை வச்சியா?"

"புகையிலைய எங்க ஒளிச்ச?"

"லூசாடா நீ? வா, கல்லத் திருப்பி வச்சிட்டு வந்துடுவோம்."

"துப்பினவனே தூக்கட்டும்."

அவன் பையை மாட்டிக்கொண்டான். "நான் வீட்டுக்குப் போறேன். நீ காஃபி பேல போய்க் கட்டுரை எழுது."

மாலை ஐந்தரை. கடல் ஏறிக்கொண்டிருந்தது. அவன் கடக்க வேண்டிய ஆறு நினைவுக்கு வந்தது. 'இப்பப் போகாதே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் தோற்றதாகிவிடும். சொல்லவில்லை.

ஆறேகால் இருக்கும். கூடாரத்துக்குள் படுத்திருந்தேன். வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம்.

தூ...

அத்தனை சந்தோஷம் எனக்கு. "வந்துட்டியாடா? உள்ள வா."

அடுத்து டொக் வருமென்று காத்திருந்தேன்.

வரவில்லை. கல் இந்த முறை கீழே வைக்கப்படவில்லை.

தலைமாட்டு மூலை தொய்ந்தது.

"ல்வாண்டிலே?"

தூ...

இரண்டாவது மூலை.

மணலில் காலடிச் சத்தமே இல்லை...

மூன்றாவது.

நான்காவது.

துணி என் முகத்தில் விழுந்தது. புகையிலை வாடை. மிக அருகில்...

தூ.

என் நெற்றியில்.

துணி வழியாக ஈரம் மெல்ல இறங்கியது.

விடிந்த பிறகுதான் வெளியே வந்தேன். கற்கள் இல்லை. மணலில் எங்கள் இருவர் தடம் மட்டும். மேட்டில் ஏறினேன். குவியலின் உச்சியில் நான்கு கற்கள். ஒன்றில் தக்காளிக் கறை. நான்கிலும் ஈரம்.

அங்கேதான் போனுக்கு சிக்னல் கிடைத்தது.

"சேந்துட்டியாடா?"

"ராத்திரியே. பஸ் கிடைச்சுது." ல்வாண்டிலேயின் குரல் இறங்கியிருந்தது. "தண்ணி நெஞ்சு வரைக்கும். கரைல நாலு பேர் நின்னாங்க, பழைய கம்பளி போர்த்திக்கிட்டு. என்னை நடுவுல விட்டுக் கூட்டிட்டுப் போனாங்க. அக்கரைல என்னை விட்டுட்டு, நாலு பேரும் மறுபடி ஆத்துல இறங்கிட்டாங்க. ஏன் திரும்பறீங்கன்னேன். 'எங்க கல்லு அந்தப் பக்கம் இருக்கு'ன்னாங்க."

"எத்தனை மணிக்கு?"

"ஆறு மணி இருக்கும்." அவனே தொடர்ந்தான். "உன் கல்லு எதுன்னு கேட்டாங்கடா. அவன் வைக்கலன்னேன்."

"அதுக்கு?"

"'பரவால்ல, அவனையே வச்சுக்கறோம்'னாங்க."

போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தேன். சட்டைக் கையால் அழுத்தித் துடைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன்.

ஈரம்.

யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கினேன். துப்புவதற்கு வாயில் எச்சில் இல்லை. காய்ந்து கிடந்தது. குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஊறட்டும் என்று காத்திருந்தேன்.