மலைச் சட்டை

ஞாயிறு காலை ஆறரைக்கு பெங்களூர் மாகடி ரோட்டில் சந்திப்பதாக ஏற்பாடு. ஏழு மணியாகியும் தனபாலைக் காணோம். மழையானாலும் பனியானாலும் நேரம் தவறாத மனிதர் என்பதால் எனக்குக் கோபம்தான் வந்தது, கவலை வரவில்லை. பெட்டிக்கடைக் காசு போனிலிருந்து ஆஸ்டின் டவுனில் அவர் வீட்டுக்குப் பேசினேன். அவர் மனைவி கஸ்தூரி எடுத்தார். “அண்ணா, ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சாரு. எழுந்திரிக்கவே இல்லண்ணா.” பின்னால் அவர்களுடைய நாய் சீனி குரைப்பது கேட்டது. இன்னும் மலைக்குக் கிளம்பவில்லையே என்று அது அவசரப்படுத்திக்கொண்டிருந்தது.

பீன்யா தொழிற்பேட்டையில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் இன்ஸ்பெக்‌ஷன் தனபால். முடியளவு பிசகினாலும் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஸ்டோர்ஸில் இருந்த எனக்கும் அவருக்கும் வாரம் ஒரு சண்டை நிச்சயம். அந்தத் தனபாலை மட்டும் தெரிந்த நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் தெருவுக்கு நாலு பொமரேனியன் இருந்த காலம். எங்கள் வீட்டிலும் ஜூலி என்று ஒன்று இருந்தது. ஒரு நாள் வீட்டுக்கு வந்த தனபால் அதைத் தூக்கிப் பார்த்தார். “நாயை வளக்கறீங்களா சார், தலகாணியை வளக்கறீங்களா?” அடுத்த ஞாயிறு அவர் ஸ்கூட்டரின் முன்பலகையில் சீனி நின்றது. என் ஸ்கூட்டரில் ஒரு காய்கறிக் கூடைக்குள் ஜூலி. சாவன்துர்கா மலைக்குப் போனோம். அன்றிலிருந்து பத்து வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் இருந்ததில்லை.

அவர் போட்டு வருவது எப்போதும் ஒரே காக்கிச் சட்டை. மலைச் சட்டை என்பார். வெயில் நாளில் பாறை ஏறும் முன் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு பாறை மேல் நின்று பத்து வரை எண்ணுவார். எண்ணி முடிக்க முடிந்தால்தான் நாய்கள் ஏறலாம். ஒரு ஏப்ரலில், உச்சிக்குக் கொஞ்ச தூரமே இருக்கும்போது, மறுபடி எண்ணி ஆறிலேயே காலைத் தூக்கிவிட்டார். “திரும்புங்க சார்.” இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்புவதா என்று நான் முறைத்துக்கொண்டேன். “உச்சி எங்கயும் போயிடாது. ஜூலிக்கு இருக்கிறது நாலே பாதம்” என்றார். கீழே வரும்வரை நான் அவரை விட்டு இருபதடி முன்னாலேயே நடந்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

என் பெரிய தவறு ஒரு ஜூலை மாத மழையில் நடந்தது. ஒரு கையில் குடை, மறு கையில் ஜூலியின் கயிறு. வழுக்கியபோது கயிற்றை விட்டேன், குடையை விடவில்லை. அந்த நேரம் பார்த்து இடி இடித்தது. ஜூலி புதருக்குள் பாய்ந்து மறைந்துவிட்டது. பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடிய என்னைத் தனபால் பிடித்து நிறுத்தினார்.

“கத்தாதீங்க. உங்க குரலே பயந்த குரலா இருக்கு. சட்டையைக் கழட்டுங்க.”

மழைக்கோட்டுக்குள் வியர்வை ஊறியிருந்த என் சட்டையை வாங்கி, ஒரு பாறை இடுக்கில் நனையாத இடமாகப் பார்த்து விரித்தார். “வாசனை பிடிச்சு அது நம்மளத் தேடி வரணும்னா, நாம ஒரே இடத்துல இருக்கணும்” என்றார். தள்ளிப் போய் உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்து, சேற்று நிறத்தில் ஒரு உருண்டை வந்து என் சட்டை மேல் சுருண்டு படுத்தது. நான் அழுதேன். குடையைப் பற்றி அவர் அன்றும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை.

ஜூலியின் கடைசி வருடத்தில் அதற்கு மூட்டுவலி. “மெதுவா வர்ற நாய்தான் லீடர்” என்று சொல்லி, துள்ளிக்கொண்டிருந்த சீனியை அதன் பின்னால் நடக்க வைத்தார்.

அப்படிப்பட்டவரின் இறுதி ஊர்வலத்தில், அதே ஞாயிறு பிற்பகல், சீனியின் கயிறு என் கையில் இருந்தது. மயான வாசலில் பாடைக்குத் தோள் கொடுக்கக் கூப்பிட்டார்கள். கயிற்றை கேட் கம்பியில் சுற்றிவிட்டுப் போனேன். மேளமும் வெடியும் அதிர்ந்தன. திரும்பி வந்தபோது கம்பியில் கயிறும் இல்லை, நாயும் இல்லை. இரண்டாவது முறையாக நான் கயிற்றை விட்டிருந்தேன்.

வீட்டில் தனபாலின் துணிகளையெல்லாம் உறவினர்கள் வாளியில் நனைத்துப் போட்டிருந்தார்கள். கஸ்தூரியிடம் விஷயத்தைச் சொன்னேன். ஜூலியைச் சட்டை விரித்து வரவழைத்த கதை அவருக்கும் தெரியும். அவர் உள்ளே போய், தலையணைக்கு அடியிலிருந்து மலைச் சட்டையை எடுத்து வந்தார். காலையில் தனபால் போட்டிருந்தது.

“இது ஒண்ணுதாண்ணா துவைக்காம ஒளிச்சு வெச்சேன்.”

“வேண்டாம்மா. மழை வரும். யாராவது எடுத்துட்டாலும் எடுத்துடுவாங்க.”

கொஞ்ச நேரம் அதை முகத்தில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையில் கொடுத்தார். “சீனி வரட்டும்.”

மயான வாசல் வளைவின் கீழ் ஈரம் படாத இடத்தில் விரித்துவிட்டு, இருட்டும்வரை எதிரே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. மறுநாள் விடிந்ததும் போனேன். சட்டை மேல் சீனி தூங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் கயிறு அப்படியே இருந்தது. நான் கூப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அது கண் விழிக்கும்வரை காத்திருந்தேன்.

சேறும் நாய்முடியுமாக இருந்த சட்டையைக் கஸ்தூரியிடம் தரத் தயங்கினேன். அவர் வாங்கி முகர்ந்து பார்த்தார். இரண்டு நாளில் முதன்முறையாகச் சிரித்தார். “இப்பதாண்ணா சரியா அவரு வாசனை வருது.”

சட்டை கஸ்தூரியிடம் இருக்கிறது. சீனியும் அவரிடம்தான். ஞாயிறு காலைகளில் மட்டும் கயிறு என் கைக்கு வருகிறது. சீனிக்கு இப்போது வயதாகிவிட்டது, அதனால் அதுதான் லீடர். பாறையில் வெறுங்காலோடு நின்று பத்து வரை எண்ணுகிறேன். மழை நாளிலும் போகிறோம். குடையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.