கம்ப்யூட்டருக்குப் போன கூலர்

செகந்தராபாத் பக்கம் மாதாப்பூரில் வேலை பார்த்தபோது, ஓர் இரும்பு உருக்காலைக்குக் கம்ப்யூட்டர் பொருத்தப் போனேன். நல்ல மே மாதம். சூட்டில் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று பிடிவாதம் பிடித்து, தொழிலாளர்கள் இளைப்பாறும் இடத்திலிருந்த ஒரே கூலரை என் அறைக்கு வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள், உலையில் வேலை செய்யும் ஆறுமுகம் அண்ணன் மயங்கி விழுந்தார். செகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். என் அறைக்குத் தூக்கிவந்தார்கள். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, டாக்டருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, கூலரை அவர் பக்கம் திருப்பினேன்.

கண் விழித்தவர், "நக்கோ மேடம், வேணாம், கம்ப்யூட்டர் சூடாயிடும்" என்றார்.

அவர் பிழைத்துக்கொண்டார். கூலர் அன்றே பழைய இடத்துக்குப் போனது.

இப்போது எந்த ஆலைக்குப் போனாலும் ஆட்கள் உட்காரும் இடத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். அங்கே காற்று வந்தால்தான் என் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறப்பேன்.